வன்னி வீட்டுத்தோட்டத்துக்கு எந்தத் தக்காளி?

"அண்ணை, நல்ல தக்காளி விதை ஒண்டு தாங்கோ." கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்த விவசாய மருந்துக்கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கடைக்காரர் கைக்கு எட்டிய பைக்கற்றை எடுத்துக் கொடுப்பார். அதன் மேல் ஒரே அளவில், ஒரே சிவப்பில் குலைகுலையாகக் காய்த்த படம் இருக்கும். சில மாதம் போன பிறகு வாங்கியவர் வந்து, "செடி கறுகறுவெண்டு வளந்தது, பூவும் பூத்தது, காயைத்தான் காணேல்லை" என்று முறையிடுவார். பெரும்பாலும் விதையில் பிழை இருக்காது. அந்த இனம் அந்த மாதத்துக்கு உரியதல்ல, அவ்வளவுதான்.

எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் நல்ல தக்காளி என்று ஓர் இனம் கிடையாது. நுவரெலியாவில் கொட்டோ கொட்டென்று காய்ப்பது முல்லைத்தீவில் பூவோடு நின்றுவிடலாம். வன்னியில் இனம் தெரிவு செய்பவர் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும், அடுத்ததாகக் காலடி மண்ணை, அதன் பிறகே அடுப்படியை. பைக்கற்றில் உள்ள பெயரைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

இரவுதான் காய் பிடிக்க வைக்கிறது

தக்காளிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். வண்டு வந்து அதிரவைத்தால் நல்லது. வராவிட்டாலும் காற்றில் பூ ஆடினால் போதும், மகரந்தம் உள்ளே கொட்டிவிடும். ஆனால் கொட்டும் மகரந்தத்துக்கு உயிர் இருக்க வேண்டும். பகல் வெப்பம் 32 பாகை செல்சியசுக்கு மேலே ஏறி, இரவிலும் 24, 25 பாகைக்குக் கீழே இறங்காமல் நின்றால், பெரிய பழம் தரும் இனங்கள் பலவற்றில் மகரந்தம் கெட்டுப்போகும். பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். அதைப் பார்த்துவிட்டு "பசளை காணாது போல" என்று யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். யூரியாவுக்கு இலைதான் கூடும், காய் பிடிக்காது.

நம் பகுதியில் இரவு உண்மையாகக் குளிர்வது மார்கழி, தை, மாசி மாதங்களில். மாரி மழை தணிந்து, வாடைக்காற்று மெல்ல வீசி, காலையில் புல்லில் பனி நிற்கும் காலம் அது. பங்குனிக்குப் பிறகு சூடு ஏறத் தொடங்கும். சித்திரை வந்துவிட்டால் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். ஆகவே, பெரிய பழத் தக்காளி எதுவானாலும் அதன் முக்கியமான பூக்கள் தை மாதத்தில் விரிய வேண்டும்.

இனிப் பின்னோக்கி எண்ணுங்கள். விதை நாற்றுமேடையில் 3 முதல் 4 வாரம் நிற்கும். நட்ட பின் பூக்க ஏறத்தாழ ஒரு மாதம். பூ பழமாக இன்னும் 6 அல்லது 7 வாரம். கார்த்திகை நடுப்பகுதியில் விதைத்தால் மார்கழி நடுவில் நடலாம், தையில் பூ, மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் பழம். கணக்கு சரியாக வருகிறது. சிக்கல் என்னவென்றால் வன்னியில் மழை கொட்டுகிற மாதமும் அதே கார்த்திகைதான். திறந்த மேடையில் போட்ட நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். நான்கு தடி ஊன்றி மேலே ஒரு பொலித்தீன் விரிப்பு, பக்கங்களில் பூச்சி வலை. நாற்றுமேடைக்கு இந்த அளவு போதும்.

இப்போது பைக்கற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இத்தனை நாளில் அறுவடை என்று ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணியது, விதைத்த நாளிலிருந்து அல்ல. 60 முதல் 75 நாள் என்று போட்டிருந்தால் நம் குளிர்காலத்துக்குள் அடங்கும். 85, 90 என்றிருந்தால் பழம் பருக்கிற நேரத்தில் வெக்கை வந்து நிற்கும்.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் அங்கே தோட்டத்தில் விளைந்த அரைக் கிலோத் தக்காளியின் படத்தைத் தொலைபேசியில் காட்டுவார்கள். பிராண்டிவைன் போன்ற அந்தப் பழைய இனங்களின் சுவை பற்றிக் கேட்டால் வாயூறும். ஆனால் அவை நெடுநாள் இனங்கள், குளிர்ந்த இரவுக்குப் பழகியவை. இங்கே நட்டால் நல்ல பச்சை இலை கிடைக்கும். மேலும், அனுமதியில்லாமல் விதையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது. சட்டத்தை விட்டாலும், தக்காளி விதையோடு வரக்கூடிய வைரசு நோய்கள் உண்டு. பெரியம்மாவிடம் சொக்கிலேற் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

செடித் தக்காளியும் கொடித் தக்காளியும்

தக்காளி இனங்களில் அடிப்படையான பிரிவு நிறமோ அளவோ அல்ல, வளரும் விதம். ஒரு வகை இடுப்பளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து நின்றுவிடும். பிறகு காய்களை ஏறத்தாழ ஒன்றாகவே பழுக்கவைத்து ஓயும். இதைச் செடித் தக்காளி என்று வைத்துக்கொள்வோம். மற்ற வகைக்கு நிறுத்தமே இல்லை. தடி இருந்தால் ஆள் உயரத்தையும் தாண்டிப் போகும், போகும் வழியெல்லாம் பூக்கும். அது கொடித் தக்காளி. தக்காளியின் இயல்பான குணம் கொடியாகப் போவதுதான். நின்றுவிடும் குணம் 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தற்செயலாகத் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. இன்று வயல்களில் பயிரிடும் குட்டை இனங்களுக்கு அதுவே மூலம்.

கன்று வளர்ந்த பிறகு இரண்டையும் பிரித்தறிவது சுலபம். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையில் உள்ள இலைகளை எண்ணுங்கள். மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று ஒழுங்காகப் போனால் கொடி. ஒன்று, இரண்டு இலைக்கே கொத்து வந்து நுனியும் பூவில் முடிந்தால் செடி.

வன்னியில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் தயங்காமல் செடி வகையைத்தான் சொல்வேன். அதன் பூக்காலம் முழுவதும் நமக்குக் கிடைக்கும் குளிர் மாதங்களுக்குள் முடிந்துவிடும். கொடியின் பெருமை மாதக்கணக்கில் தொடர்ந்து காய்ப்பது. இங்கே சித்திரை வெயில் அந்தப் பெருமையைப் பாதியில் வெட்டிவிடும். வைகாசியில் சோளகம் கிளம்பினால் உயரத் தடியில் கட்டிய கொடி தடியோடு சாயும். கிணற்றடியில் வாழை நிழலும் எந்நேரமும் ஈரமும் இருந்து, தினமும் காலையில் பத்து நிமிடம் செடியோடு நிற்கவும் முடிந்தவர்கள் கொடி வகையில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. யூடியூப்பில் தக்காளி வளர்ப்புக் காணொளி பார்த்தால், இலைக்கணுவில் வரும் பக்கத்துளிரை எல்லாம் கிள்ளச் சொல்வார்கள். அது கொடிக்குச் சொன்ன வேலை. செடித் தக்காளியில் பக்கக் கிளைகளில்தான் பெரும்பகுதி காய் வரும். அதில் போய்க் கிள்ளினால் விளைச்சலைக் கையால் கிள்ளி எறிந்ததுதான். மண்ணைத் தொடும் கீழ் இலைகளை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

மண்ணில் ஏற்கெனவே குடியிருப்பவை

காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் வாடும், இரவில் தெளியும், மூன்றாம் நாள் பச்சை இலையோடே செத்துப்போகும். தண்ணீர் காணாது என்று மேலும் இறைத்தால் பக்கத்துச் செடியும் விழும். இது பக்டீரியா வாடலாக இருக்கலாம். சோதிப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. விழுந்த செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரைத் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெள்ளை நூல் போல ஒன்று கீழே இறங்கினால் பக்டீரியாதான். மருந்தடித்து அதை மாற்ற முடியாது. அந்தக் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் அதற்கு உணவு.

கத்தரியும் மிளகாயும் மாறிமாறி நட்ட காணிகள்தான் இங்கே அதிகம். ஆகவே உங்கள் தோட்டத்தில் முன்பு கத்தரி இப்படி விழுந்த ஞாபகம் இருந்தால், வாடலைத் தாங்கும் இனத்தைத் தவிர வேறொன்றைப் பார்க்க வேண்டாம். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனங்களில் திலினவுக்கு அந்தத் தாங்கும் தன்மை உண்டு. தாங்கும் என்றால் நோயே வராது என்றில்லை. மண் நன்றாகச் சூடாகி ஈரமும் நின்றால் அதுவும் தளரும். மார்கழி நடவுக்கு இது இன்னொரு காரணம். கைவேலையில் ஆர்வமுள்ளவர்கள் வேலியோரச் சுண்டங்கத்தரிக் கன்றை அடியாக வைத்துத் தக்காளியை ஒட்டிப் பார்க்கலாம். சுண்டங்கத்தரி வேர் இந்த வாடலை நன்றாகத் தாங்கும்.

வன்னி முழுவதும் ஒரே மண் அல்ல. மாங்குளம், வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண்ணில் எருவும் பாத்தியும் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலான இனங்கள் வரும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி ஈரத்தில் ஊதி, காய்ந்தால் வெடிக்கும் மண். அங்கே பாத்தியை உயர்த்த வேண்டும், மெல்லிய தோல் இனங்களைத் தவிர்க்க வேண்டும். தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் மெல்லிய தோல் பழம் வெடிக்கும். பூநகரிப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் உவர். தக்காளி கொஞ்சம் உவரைத் தாங்கும். பழம் சிறுக்கும், ஆனால் இனிப்பு ஏறும். அதோடு ஒரு தொல்லையும் சேரும்: காயின் அடிப்பக்கம் கறுத்துத் தட்டையாகும். கல்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. நீண்ட, முட்டை வடிவ இனங்களில் கூடுதலாக வரும், செரித் தக்காளியில் அரிது. உவர்க் கிணறு உள்ளவர்கள் நீளத் தக்காளியை விட்டு உருண்டையையோ செரியையோ எடுப்பது நல்லது.

முல்லைத்தீவுக் கரையோர மணலில் வேறொரு குடித்தனம். செடி காரணமில்லாமல் குன்றி நின்றால் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வட்டப்புழு. வெளிநாட்டுக் கலப்பின விதைப் பைக்கற்றுகளில் வட்டப்புழு எதிர்ப்பு உண்டு என்று போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தக்காளியில் அந்த எதிர்ப்பைத் தரும் மரபணு, மண் வெப்பம் 28 பாகையைத் தாண்டினால் வேலை செய்வதை நிறுத்திவிடும். நம் மணல் அதைத் தாண்டாத நாட்கள் குறைவு. அந்தக் காசுக்கு எரு வாங்கிப் போடலாம், அல்லது புதிய மண் நிரப்பிய உரப்பையில் வளர்க்கலாம்.

மண்ணில் இல்லாமல் காற்றில் வருவது இலைச்சுருள். நுனி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேலே மடியும். செடி அதோடு நின்றுவிடும். இது வைரசு, பரப்புவது வெண் ஈ. மழைக்காலத்தில் ஈ குறைவு, மாசி பங்குனியில் பெருகும். நாற்றில் பிடித்தால் விளைச்சலே இல்லை. காய் பிடித்த பிறகு பிடித்தால் அவ்வளவு நட்டமில்லை. ஆகவே பிந்தி நடுபவர்களுக்குத்தான் இலைச்சுருள் எதிர்ப்பு இனம் மிகவும் தேவை. நேரத்தோடு நட்டு, நாற்றை வலைக்குள் வைத்திருந்தவர்கள் அதற்காகப் பெரிதாக அலைய வேண்டியதில்லை.

பைக்கற்றில் உள்ள எழுத்துகள்

விதைப் பைக்கற்றில் தமிழ் எழுத்து குறைவு, இருந்தாலும் பூதக்கண்ணாடி வேண்டும். பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள் சிலதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். 'எஃப் 1' என்றால் இரண்டு பெற்றோர் இனங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை. ஒரே சீராக வரும், விளைச்சலும் கூடும். அதன் பழத்திலிருந்து நீங்கள் எடுக்கும் விதை அப்படி வராது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று நோய்க்கு இடம்கொடுக்கும் என்று பலவாகப் பிரியும். 'எஃப்', 'வி' என்ற எழுத்துகள் இரண்டு பூஞ்சண வாடல்களுக்கு எதிர்ப்பைக் குறிக்கும். 'என்' வட்டப்புழு, 'டி' வைரசு வகையைச் சேர்ந்த தேமல் நோய், 'டி-வை' இலைச்சுருள். நமக்கு முக்கியம் 'பி-டபிள்யூ', அதாவது பக்டீரியா வாடல். எழுத்துகள் நிறைய இருந்தால் நல்ல விதை என்று நினைக்க வேண்டாம். உங்கள் காணியில் இல்லாத நோய்க்கு எதிர்ப்பு இருந்து என்ன பயன்?

திணைக்களத்து இனங்களான திலின, மாணிக், ரவி, ராஜித போன்றவற்றைத் திணைக்கள விற்பனை நிலையங்களில் கேட்கலாம். கமநல சேவை நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரிக்கலாம். இந்த வருடம் எந்த விதை கையிருப்பில் உள்ளது, அது செடியா கொடியா, பக்கத்துக் கிராமத்தில் எப்படி வந்தது என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பைக்கற்றில் இல்லாதது.

அடுப்படியும் மயிலும்

சந்தைத் தக்காளியின் தடித்த தோலும் கல்லுப் போன்ற உடம்பும் தம்புள்ளையிலிருந்து லொறியில் குலுங்கி வருவதற்காகத் தெரிவு செய்யப்பட்டவை. உங்கள் தக்காளி வரப்போவது கிணற்றடியிலிருந்து குசினி வரை. ஆகவே தோல் தடிப்பை மற்றவர்களுக்கு விட்டுவிடலாம். சொதிக்கும் ரசத்துக்கும் புளிப்பும் சாறும் கூடிய, விதைக்குழி நிறைந்த உருண்டைப் பழம் நல்லது. குழம்பு தடிக்க வேண்டும், சட்னியோ சோஸோ செய்து வைக்க வேண்டும் என்றால் சதை கூடிய நீளப் பழம். பச்சையாகச் சலாதுக்கு என்றால் இரண்டுக்கும் நடுவில். பிள்ளைகள் செடியிலேயே பிடுங்கித் தின்ன ஒரு செரிச் செடி.

செரிக்கு இன்னொரு தகுதியும் உண்டு. சூடான இரவிலும் அது ஓரளவு காய் பிடிக்கும். மாசி பங்குனியில் எல்லார் தோட்டத்திலும் தக்காளி பழுத்து, சந்தையில் விலை விழுந்து கிடக்கும். விலை ஏறுகிற காலத்தில் வீட்டில் எதுவும் இருக்காது. சிறுபோகத்தில் சொதிக்கு நாலு பழமாவது வேண்டுமென்றால், மத்தியான வெயில் படாத கிழக்குப் பக்கத்தில் வைத்த செரிதான் கைகொடுக்கும். பெரிய பழ இனத்தை ஆடியில் நட்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மயிலைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் தக்காளி பற்றி எழுத முடியாது. பழம் சிவக்கும் அன்று காலையில் அது வந்துவிடும். குரங்கு அதற்கு முதல்நாளே வந்து பார்த்திருக்கும். காயின் அடியில் இளஞ்சிவப்புக் கீற்று தெரிந்ததும் பறித்துவிடுங்கள். அந்த நிலைக்கு வந்த காய் வீட்டுக்குள் தானாகப் பழுக்கும், சுவையில் பெரிய குறைவு வராது. வெக்கை நாட்களில் இது இன்னொரு வகையிலும் நல்லது: 30 பாகைக்கு மேல் நீடித்தால் சிவப்பைத் தரும் லைகோபீன் உருவாவது குறைந்து, பழம் செம்மஞ்சளாகவே நின்றுவிடும். நிழலில் பழுக்கவைத்தால் நல்ல சிவப்பு வரும். காவலிருக்க ஆளில்லாத வீட்டுக்குச் செடி வகை இதிலும் வசதி. ஒரு சில வாரம் கண்ணாக இருந்தால் அறுவடை முடிந்துவிடும்.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு செடி தாராளம். வரிசைக்கு வரிசை 80 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 50. எட்டு செடித் தக்காளி, இரண்டு செரி, விருப்பமிருந்தால் புதிதாக ஒரு இனத்தில் இரண்டு என்று வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே இனத்தில் வைத்தால் ஒரு நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 விதை இருக்கும். சின்னப் பைக்கற்றே ஒரு ஒழுங்கை முழுவதற்கும் காணும். பக்கத்து வீட்டு அக்கா ஒன்று, நீங்கள் ஒன்று என்று வெவ்வேறு இனம் வாங்கிப் பங்கிட்டால் செலவும் குறையும், எது எந்த மண்ணில் வருகிறது என்றும் தெரியும். கலப்பினம் அல்லாதது நன்றாக வந்தால், நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தை எடுத்து, விதையைச் சாற்றோடு ஒரு போத்தலில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். மேலே நுரை கட்டியதும் கழுவி, கீழே தங்கிய விதையை நிழலில் காயப்போட்டு, இனத்தின் பெயரும் வருடமும் எழுதி இறுக மூடி வையுங்கள். ஈரமும் சூடும் படாவிட்டால் மூன்று நான்கு வருடம் முளைக்கும்.